64ஆம் பிரிவு: இரண்டு அடிமைமுறைகளை எடைபோடுதல்

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கரீபியத் தீவுகள், மொரீஷியஸ், கேப் காலனி என்று பல இடங்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் அதனால் விடுதலைக்கு உரியவர்கள் ஆனார்கள். இது பலருக்கும் தெரிந்த செய்தி. அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் உள்ள பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அந்தப் பிரிவு. தஞ்சாவூர்ச் சீமையில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையாட்களும், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகள் என்றே வகைப்படுத்தப்பட்ட யாழ்ப்பாணத்துக் கோவியரும் நளவரும் பள்ளரும் அந்த ஒற்றைப் பிரிவால் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ஏன் என்று கேட்டால், அன்று சொல்லப்பட்ட பதில் ஓர் ஒப்பீடு. இந்திய அடிமைமுறை மேற்கிந்தியத் தீவுகளில் இருப்பதைப் போன்றதல்ல, மிதமானது, பழக்கவழக்கத்தில் ஊறியது, அதில் கைவைத்தால் சாகுபடியும் வரிவசூலும் குலைந்துபோகும் என்று கம்பெனி அதிகாரிகள் வாதாடினார்கள். இதே ஒப்பீட்டை எதிர்த்திசையிலிருந்து கரும்புத் தோட்ட முதலாளிகள் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார்கள். 1820களில் இங்கிலாந்தின் அடிமை எதிர்ப்பாளர்கள் மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கி இந்தியச் சர்க்கரையை வாங்கச் சொன்னார்கள். கிழக்கிந்தியச் சர்க்கரை அடிமைகள் செய்ததல்ல என்று எழுதிய கிண்ணங்கள் வீட்டு மேசைகளுக்கு வந்தன. இந்தியாவில் மட்டும் அடிமைகள் இல்லையா என்று தோட்ட முதலாளிகள் திருப்பிக் கேட்டார்கள். கேள்வியில் உண்மை இருந்தது. கேட்டவர்களுக்கு இந்திய அடிமையின் மேல் எள்ளளவும் அக்கறை இல்லை. ஜமைக்காவில் இருப்பவனைக் காட்டித் தஞ்சாவூரில் இருப்பவனையும், இந்தியாவில் இருப்பவனைக் காட்டி ஜமைக்காவில் இருப்பவனையும் கட்டிவைக்க ஒரே ஒப்பீடு உதவியது.

இன்றைக்கும் அந்த வழக்கம் ஓயவில்லை. ஐரோப்பியர் மட்டுமா, அரபு வணிகர்கள் விற்கவில்லையா, ஆப்பிரிக்க அரசர்களே பிடித்துக் கொடுக்கவில்லையா என்று ஒரு தரப்பு. வெள்ளைக்காரன் கப்பலில் அடைத்துக் கொன்றதோடு நம்மூர்ப் பண்ணையை ஒப்பிடலாமா என்று இன்னொரு தரப்பு. இதையெல்லாம் கேட்டுச் சலித்தவர்கள், ஒப்பிடுவதே தவறு, ஒவ்வொரு கொடுமையும் தனி என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த மூன்றாவது நிலைப்பாடு நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பிடாவிட்டால் எந்தச் சமூகம் எந்த இடத்தில் வழுக்கியது என்று தெரியாமலே போகும்.

எதை ஒப்பிடுவது என்பதில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். கசையடி வாங்கியவரின் வலியை இன்னொருவரின் வலியோடு நிறுத்துப் பார்க்க யாருக்கும் அருகதை இல்லை. அடித்த சமூகத்தின் தவறை நிறுத்துப் பார்க்கலாம். தான் செய்வது தவறு என்று அறிய அதற்கு வழி இருந்ததா? அடிமைப்பட்டவரோ அவர் பிள்ளையோ வெளியேற ஒரு வாசலாவது வைத்திருந்ததா? முறை முடிவுக்கு வந்தபோது யாருக்கு ஈடு கொடுத்தது? நான் கேட்பது இவற்றைத்தான்.

முதல் கேள்விக்கு எப்போதும் ஒரு தயார் பதில் உண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பார்கள். அந்த ‘எல்லோரும்’ என்பதற்குள் அடிமைகளைச் சேர்ப்பதில்லை. 869இல் பாஸ்ராவின் உப்பளங்களில் கிளர்ந்தெழுந்து பதினான்கு ஆண்டுகள் அப்பாசியப் பேரரசை எதிர்த்து நின்ற சஞ்சு எனப்பட்ட அடிமைகளுக்கு அடிமைமுறை தவறு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. உடைமையாளர் பக்கத்திலும் குரல் இல்லாமல் இல்லை. இயற்கையிலேயே சிலர் அடிமைகள் என்று வாதிட்ட அரிஸ்டாட்டிலே, அடிமைமுறை இயற்கைக்கு முரணானது என்று சொல்வோர் தம் காலத்தில் இருப்பதைக் குறித்துவைக்கிறார். ரோமானியச் சட்ட நூல்களும் அது இயற்கைக்கு எதிரானது என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அதற்கான விதிகளை வகுக்கின்றன. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸாவின் கிரிகோரி, மனிதனை விலைக்கு வாங்குவதையே கண்டித்துப் பிரசங்கம் செய்தார். தெரியாமல் செய்தார்கள் என்ற வாதம் எந்த நூற்றாண்டுக்கும் முழுசாகப் பொருந்தாது. தெரிந்த அளவு கூடக்கூடத் தவறின் கனமும் கூடுகிறது.

அந்த அளவில் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைவிடக் கனமான வழக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1771இல் ஜேம்ஸ் சோமர்செட் என்ற அடிமையை அவருடைய உடைமையாளர் வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றி ஜமைக்காவில் விற்க முயன்றார். 1772இல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சோமர்செட்டை விடுவித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1781 நவம்பர் இறுதியில், சாங் என்ற லிவர்பூல் அடிமைக் கப்பல் வழிதவறி ஜமைக்காவைத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர் போதாது என்று சொல்லி, உயிரோடு இருந்த ஆப்பிரிக்கர்கள் 130 பேருக்கும் மேல் சில நாள் இடைவெளிகளில் கடலில் தள்ளப்பட்டார்கள். நோயில் செத்தால் நட்டம் கப்பல்காரருக்கு. சரக்கைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால் காப்பீட்டாளர் தலைக்கு 30 பவுண்டு தர வேண்டும். உரிமையாளர்கள் அந்தப் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். முதல் ஜூரி அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1783இல் மேல்விசாரணை அதே மான்ஸ்ஃபீல்டிடம் வந்தது. குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போலத்தான் சட்டம் இதைப் பார்க்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கொலைக்காக எவரும் கூண்டில் ஏற்றப்படவில்லை. முன்னாள் அடிமையான ஒலாடா எக்வியானோ இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு அடிமை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் ஓடிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

ஒரே நீதிபதி, ஒரே சட்ட மரபு. மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கிப் போகக் கூடாது என்ற அறிவு லண்டனில் இருந்தது. கடற்கரையைத் தாண்டியதும் அது செல்லாது என்று ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். நீதியைப் பற்றி அறியாதவன் செய்யும் தவறைவிட, அறிந்து அதற்கு எல்லைக்கல் நடுகிறவன் செய்யும் தவறு பெரிது. அட்லாண்டிக் வணிகம் முழுவதிலும் கப்பலேற்றப்பட்டோர் சுமார் 125 லட்சம் என்றும் அவர்களில் கடலிலேயே மாண்டவர்கள் 18 லட்சம் அளவில் என்றும் வரலாற்றாளர்கள் கப்பல் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு 30 லட்சத்துக்கும் அதிகம். காப்பீடும் கடன்பத்திரமும் நாடாளுமன்றமும் நாளிதழும் உள்ள ஒரு சமூகம் இதைக் கணக்குப் புத்தகம் வைத்து நடத்தியது.

இதே சமூகத்தின் உள்ளிருந்துதான் பெரிய எதிர்ப்பும் எழுந்தது. அதை மறைத்தால் எடை பொய்யாகிவிடும். 1792இல் மட்டும் அடிமை வணிகத்துக்கு எதிராக 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்குப் போயின. பெண்கள் வீட்டில் சர்க்கரையை நிறுத்தினார்கள். படிப்படியாக என்று தலைவர்கள் இழுத்துக்கொண்டிருந்தபோது, 1824இல் எலிசபெத் ஹெய்ரிக் உடனடியாக ஒழி என்று எழுதினார். ஆனால் மனுக்கள் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1791இல் எழுந்த ஹைட்டி 1804இல் தன்னை விடுவித்துக்கொண்டது. 1831 கிறிஸ்துமஸை ஒட்டி ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் அடிமைகள் எழுந்தார்கள். 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் சட்டம் வந்தது.

வந்த சட்டம் யாருக்கு ஈடு கொடுத்தது? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் அடைக்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. 1838 வரை பயிற்சிக் காலம் என்ற பெயரில் அதே தோட்டத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். ஈடு பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,508 அடிமைகளுக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. 1838இல் அவர் ஏற்பாட்டின் பேரில் இந்திய ஒப்பந்தக் கூலிகள் இரண்டு கப்பல்களில் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய் இறங்கினார்கள். ஹைட்டிக்கு நேர்ந்தது இதைவிடக் கேவலம். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, விடுதலை பெற்றவர்களே முன்னாள் உடைமையாளர்களுக்கு 15 கோடி பிராங்க் தர வேண்டும் என்று எழுதி வாங்கியது.

வாசல் இருந்ததா என்ற கேள்வியில் ரோமும் இஸ்லாமிய நாடுகளும் அட்லாண்டிக்கைவிடக் கொஞ்சம் மேலே நிற்கின்றன. ரோமில் விடுவிக்கப்பட்டவரின் பிள்ளை குடிமகன். இஸ்லாமியச் சட்டத்தில் அடிமைப் பெண்ணுக்கு உடைமையாளரால் பிறந்த குழந்தை சுதந்திரமானது. அவர் இறந்ததும் தாயும் விடுதலை. இதை வைத்து அவற்றை மெச்ச வேண்டியதில்லை. கி.பி. 61இல் பெடானியஸ் செகண்டஸ் என்பவரை ஓர் அடிமை கொன்றதற்காக, அந்த வீட்டு அடிமைகள் 400 பேரும் கொல்லப்பட்டதை டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். சவுதி அரேபியா அடிமைமுறையை ஒழித்தது 1962இல். வாசல் இருந்தது என்பது மட்டுமே இங்கே செய்தி. அமெரிக்கத் தோட்டங்களில் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை; தோலின் நிறமே முத்திரை.

பிறப்பே முத்திரையாக இருந்த இன்னோர் இடம் நம்முடையது.

தமிழ்ச் சமூகத்தில் அடிமைமுறையே இல்லை, பிரிட்டிஷார்தான் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. 1201இல் பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறியபோது ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு பதிவு செய்கிறது. மறைவாக நடந்ததல்ல, கல்லில் வெட்டிய ஆவணம்.

இதைவிட நுணுக்கமான சான்று பெரியபுராணத்தில் இருக்கிறது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு முதியவர் வந்து, இவன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் உண்டு என்கிறார். சுந்தரர் ஓலையைக் கிழித்துவிட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்று வகைச் சான்றுகளில் எது உன்னிடம் உள்ளது என்று சபை கேட்கிறது. சுந்தரர் கிழித்தது படி ஓலை என்றும் மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் முதியவர் சொல்கிறார். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தானும் தன் வழிவந்தோரும் தலைமுறை தலைமுறையாக அடிமை என்பதே ஓலையின் வாசகம். முதியவர் இறைவன்தான் என்பது பக்தரின் நெஞ்சை உருக்கும் இடம். அந்த உருக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 12ஆம் நூற்றாண்டுக் கேட்போருக்குச் சேக்கிழார் இந்தச் சட்ட நடைமுறையில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதில் சபைக்குத் தயக்கம் இல்லை. அந்தணர் ஒருவர் அடிமையாவது உலகில் இல்லையே என்பது மட்டும்தான் அவர்களுக்கு வியப்பு. மற்றவர்கள் ஆகலாம். மான்ஸ்ஃபீல்ட் கடற்கரையில் போட்ட கோட்டை இந்தச் சபை பிறப்பில் போட்டிருந்தது.

பிறப்பால் உயிர்கள் ஒன்று என்று வள்ளுவர் சொல்லிச் சென்று பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தெரியாது என்று நாமும் சொல்ல முடியாது. 1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சானது. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியர் பண்ணையாரைப் பாரதியார் உள்ளே கொண்டுவருகிறார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நந்தன் அவர் முன் நிற்கிறான். நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். காவிரிக் கரையில் வாழ்ந்த ஒருவர் தம் கண்ணெதிரே இருந்த பண்ணை வாழ்வைத்தான் எழுதினார். அந்தப் பாட்டுகள் டெல்டா முழுதும் கதாகாலட்சேபங்களில் ஒலித்தன. கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். நந்தனுக்காக அழுத அந்தக் கேட்போர் கூட்டத்திலிருந்து பண்ணையடிமை முறையை ஒழி என்று ஒரு மனு எழவில்லை. இங்கிலாந்தின் 519 மனுக்களுக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. பண்ணையாட்களைத் திரட்டிய இயக்கம் 1940களில், பி. சீனிவாசராவ் போன்றவர்கள் தஞ்சைக் கிராமங்களுக்குள் வந்த பிறகுதான் வலுப்பெற்றது. அப்போது அவர்கள் நிறுத்தச் சொன்னவற்றில் சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனையும் சவுக்கடியும் இருந்தன.

மிதமானது என்ற வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பண்ணையாளுக்குக் களத்தில் நெல் உண்டு, குடிசை போட மனை உண்டு, கல்யாணச் செலவைப் பண்ணையார் ஏற்பார், கடல் கடந்து விற்பதில்லை என்பார்கள். கடைசிக் கூற்று தவறு. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வந்தபோது டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானோரை இந்தக் கரையிலிருந்து வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கொண்டுபோனது. கல்யாணச் செலவு தலைமுறைக் கடனாக மாறியது. மனையோ பண்ணையாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான். சர்க்கரைத் தோட்டத்தின் சாவு விகிதம் இங்கே இல்லை என்பது உண்மை. அந்த வேறுபாடு பெரியது, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் வாசல் என்ற கேள்வியில் நம் முறை மிதமானதே அல்ல. ரோமானிய அடிமையின் மகன் குடிமகனாகலாம். பண்ணையாளின் மகனுக்கு அடுத்த ஊரும் அதே சேரிதான்.

முடிவும் அப்படியே நீண்டது. 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. வரிபாக்கிக்காக யாரையும் அடிமை என்ற பெயரில் அரசு ஊழியர் விற்கக் கூடாது என்பது அதன் முதல் பிரிவு. அதுவரை சர்க்கார் கை எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடிமை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது. இடையில் 1859இல் வந்த ஒரு சட்டம், முன்பணம் வாங்கிய வேலையாள் விட்டுப்போனால் தண்டிக்கலாம் என்றது. பழைய கட்டு வேறு பெயரில் திரும்பியது. சேரி மனைகளைக் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் யோசனை 1890களில் எழுந்தபோது மிராசுதார்கள் எதிர்த்தார்கள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தாம் படுத்திருந்த குடியிருப்பு மனை தமக்கே சொந்தம் என்ற சட்டம் வந்தது 1971இல். கம்பெனி ஆட்சி இந்த முறையை இறுக்கியது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இறுக்குவதற்குக் கயிறு ஏற்கெனவே இருந்தது என்பதைத் திருப்பாம்புரத்துக் கல் சொல்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நடந்த குற்றத்தின் பருமனில், உயிர்ச்சேதத்தில், அறிந்தே எல்லை வகுத்த துணிச்சலில் அட்லாண்டிக் அடிமைமுறைதான் முதலிடம். அதை நடத்திய நாடுகளை வேறெந்த நாட்டின் பாவத்தைக் காட்டியும் விடுவிக்க முடியாது. வாசலை அடைத்துவைத்ததிலும், அடைத்ததைக் குறித்து உடைமையாளர் தரப்பின் மனச்சான்று பேசாமல் இருந்த காலத்தின் நீளத்திலும் தமிழ் நிலவுடைமைச் சமூகத்தின் தவறு அதைவிடப் பெரியது. பிரிட்டன் தன் குற்றத்தை ஒழித்தபோது குற்றவாளிக்குப் பணம் கொடுத்து இன்னொரு குற்றத்தைச் சேர்த்துக்கொண்டது. நாம் பண்ணையாருக்கு ஈடு கொடுக்கவில்லை. பண்ணையாளுக்கும் ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் காலடி மண்ணைக்கூடக் கொடுக்கவில்லை. இவை இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் தொகைகள் அல்ல.

ஈடு கொடுத்ததால் பிரிட்டனில் ஒரு பேரேடு மிஞ்சியது. அதில் பதிவான ஏறத்தாழ 46,000 கோரிக்கைகளை இன்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 2023இல் கிளாட்ஸ்டன் குடும்பத்தினர் கயானாவுக்குப் போய், அடிமைமுறைக்கும் ஒப்பந்தக் கூலிமுறைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்கள். வெறும் மன்னிப்பு போதாது, ஈடு எங்கே என்று அங்கேயே சிலர் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது சரி. தஞ்சைப் பண்ணைக் குடும்பம் ஒன்று, போதாத அந்த மன்னிப்பையாவது ஊர் நடுவே நின்று கேட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.